இமை சரி என்று எழுதிய நாள்

போன மாதம் தேன்மொழி போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண். ஒரு காலத்தில் பதினோரு பேர் பார்த்த தொழுநோய்ப் பணியை இன்றைக்கு அவளும் அவளுடைய ஸ்கூட்டியும்தான் பார்க்கிறார்கள்.

"சார், புதுசா ஒரு ஆப் குடுத்திருக்காங்க. அதுல 'இமை மூடல்: ஆம், இல்லை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. நான் போயி இமையை மூடுங்கன்னு சொன்னா எல்லாரும் திருதிருன்னு முழிக்கிறாங்க. ரெப்பைன்னு சொல்லிக் கேக்கவா?"

"ரெண்டும் வேணாம்மா. அவங்க பக்கத்துல யாரு படுக்கிறாங்களோ அவங்களைக் கூப்பிட்டு, இவங்க தூங்கும்போது கண்ணு முழுசா மூடுதான்னு கேளு."

"அந்தக் கேள்வி ஆப்ல இல்லையே சார்."

இல்லைதான். எங்கள் காலத்துப் பதிவேட்டிலும் இல்லை. அவளிடம் போனில் சொன்னது இவ்வளவுதான். மிச்சத்தைப் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாகல் நகரில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதை இப்போது எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் கண்ணை மூடுகிற தோலுக்கு ரெப்பை என்றுதான் பெயர். ரெப்பை துடிக்கும், ரெப்பை வீங்கும், ரெப்பையில் கட்டி வரும். இமை என்று யாரும் அந்தத் தோலைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் 'இமைக்கிற நேரத்துல பஸ்ஸை விட்டுட்டேன்' என்பார்கள். 'இமை கொட்டாம என்னத்தடா பாக்குற' என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். அதாவது தோலைச் சொல்ல ரெப்பை, அது தன்பாட்டுக்குச் செய்கிற வேலையைச் சொல்ல இமை. அகராதிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருடம் ஊர் ஊராகக் காதில் வாங்கியதைச் சொல்கிறேன்.

எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் எங்கு பார்த்தாலும் இமை என்றே இருந்தது. ஒன்பது மாதம் படித்தோம். தொழுநோய் தோலைவிட நரம்பைத்தான் குறிவைக்கும் என்றும், முகத்து நரம்பு கெட்டால் இமை மூடாது என்றும், மூடாத கண் காய்ந்து புண்ணாகும் என்றும் ஒப்பித்துத் தேறினேன். முதல் வேலை செம்பட்டிப் பக்கம். முதல் வாரமே ஒரு பெரியவரிடம் போய், "ஐயா, தங்கள் இமைகளை மூடுங்கள்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நமக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல" என்றார்.

அன்றைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தோணி சார். எனக்கு மேலதிகாரி. அவருடைய பதவிக்கு 'மருத்துவம் சாரா மேற்பார்வையாளர்' என்று பெயர். ஒரு மனிதர் டாக்டர் இல்லை என்பதையே பதவியாக எழுதிக் கொடுத்த துறை எங்களுடையது. நெட்டையான ஆள். காலர் அழுக்காகாமல் இருக்கக் கழுத்தில் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். யார் வீட்டிலும் நோயின் பெயரைச் சொல்லமாட்டார். வீட்டுக்காரர்கள் முன்னால் எங்களைத் திட்டமாட்டார். தப்புச் செய்தால் ஊர் எல்லை தாண்டும்வரை சைக்கிளைப் பேசாமல் மிதித்துவிட்டு, பிறகு இறங்கி நின்று நாலே வாக்கியம் பேசுவார். எங்களுக்கு அந்த மௌனமான ஒரு மைல்தான் பயம்.

அந்தச் செம்பட்டி ஊரைத் தாண்டியதும் இறங்கினார்.

"கண்ணை மூடச் சொன்னா மூடுவான். அது அவன் செய்யிறது. இமைக்கிறது அவன் செய்யிறதில்ல, அதுவா நடக்குது. நமக்கு வேண்டியது அது."

"அதை எப்படி சார் பாக்குறது?"

"போன ஒடனே குடிக்கத் தண்ணி கேளு. எதிர்ல உக்காரு. அவங்க பாட்டுக்கு மழை, வெள்ளாமைன்னு பேசட்டும். நீ டம்ளர் தீர்றதுக்குள்ள வலது கண்ணு எத்தனை தடவை இமைக்குது, இடது கண்ணு எத்தனைன்னு எண்ணு. எண்ணுறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இமைப்பு மாறிப்போகும்."

இன்னொன்றையும் கறாராகச் சொன்னார். டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கக் கூடாது. அண்ணாந்தால் கூரைதான் தெரியும், கண் தெரியாது. "வாய் வச்சுக் குடி. மெதுவாக் குடி."

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் பக்கம் அடுத்த வீட்டில் தண்ணீர் குடித்தால் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்போம். நோய் இருக்கிற வீட்டில் அதுவும் கிடையாது. வாசலில் நின்று விசாரிப்பதோடு சரி. எனக்கு முதலில் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகவே மனம் வரவில்லை. படித்தது அத்தனையும் தெரிந்தும் வரவில்லை. இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

தண்ணீர் குடித்து எண்ணிய பிறகு அடுத்த கட்டம். "தூங்குற மாதிரி மெதுவா மூடுங்க" என்று சொல்ல வேண்டும். அந்த 'மெதுவா' முக்கியம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, இரண்டு ரெப்பைக்கும் நடுவில் வெள்ளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் சின்ன ஸ்கேலை வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் "இறுக்கி மூடுங்க" என்று சொல்லி, கீழ் ரெப்பையை விரலால் இழுத்துப் பலம் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. நரம்பு கெட ஆரம்பிக்கும்போது மெதுவாக மூடினால் இடைவெளி தெரியும். இறுக்கி மூடினால் தெரியாது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, ஆறு மாதத்துக்குள் நரம்பு வீக்கத்துக்கான வேறு மாத்திரை கொடுத்தால் அனேகமாகக் கண் பிழைத்துக்கொள்ளும். தாமதித்தால் பிழைக்காது.

இப்படிப் பன்னிரண்டு வருடம் ஒழுங்காகத்தான் செய்தேன். அதற்குள் என்னைக் குஜிலியம்பாறைப் பக்கம் மாற்றியிருந்தார்கள். மானாவாரிப் பூமி. சோளமும் நிலக்கடலையும் மழையைப் பார்த்து வரும். தேமலைப் பார்த்துப் பார்த்து விசாரிப்பேன் என்பதால் ஊர்களில் எனக்குத் 'தேமல் சார்' என்று பெயர். நோயின் பெயரைச் சொல்லாமல் என்னைக் கூப்பிட அவர்களாகக் கண்டுபிடித்த வழி அது.

அங்கே ஒரு சின்ன ஊரில் வெள்ளையம்மா இருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். இடது கன்னத்தில் ஒரு படை, கண்ணுக்குக் கீழே வரை. கணவர் ராசு ஆடு மேய்ப்பார். வெள்ளையம்மா சோளம் தூற்றுவதில் பேர் வாங்கியவள். படை வந்தது தெரிந்ததும் களத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. அதன்பிறகு தங்கள் அரை ஏக்கர் சோளத்தை மட்டும் தூற்றினாள். ஊர்க்காரர்கள் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார்கள். ராசுவின் சொந்தத் தம்பிகூட ரோட்டில் நின்றுதான் அண்ணனைக் கூப்பிடுவான். நான் மாதம் ஒருமுறை மாத்திரை அட்டையோடு போவேன். என் சைக்கிள் சத்தம் கேட்டாலே வெள்ளையம்மா டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

அந்த மாசி மாதம் நான் போனபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வராத அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதில் எனக்கும் சந்தோஷம்.

"என்ன ராசு, குஷியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல சார். வீட்டுக்குக் காவலுக்கு நாய் வாங்கலாம்னு இருந்தேன். இனிமே வேணாம். இவ ஒரு கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறா. காவக்காரி!"

"அட போங்க, சார்ட்ட போயி இதையெல்லாம் சொல்லிக்கிட்டு" என்று வெள்ளையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நானும் சிரித்தேன். "அப்ப சம்பளம் குடுக்கணுமே ராசு" என்று என் பங்குக்கு ஒன்று சொன்னேன். டம்ளரை வாங்கினேன், வழக்கம்போல வாய் வைத்துக் குடித்தேன். சைக்கிளில் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்த வெயில். தண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தது. மடமடவென்று குடித்துவிட்டேன். எண்ணவில்லை.

அடுத்த ஊரில் இன்னும் மூன்று வீடு பாக்கி. "ஏம்மா, கண்ணை மூடு பாப்போம்" என்றேன். மெதுவாக என்று சொல்லவில்லை. ஆபீசர் ஒன்றைச் செய்யச் சொன்னால் நம் ஜனங்கள் முழுப் பலத்தோடு செய்வார்கள். வெள்ளையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கெல்லாம் சுருங்க, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினாள். நன்றாகத்தான் மூடியது. பதிவேட்டில் 'இமை: சரி' என்று எழுதினேன்.

சரி என்று ஒரு முறை எழுதிவிட்டால் எங்கள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்த மாதம் மேல் வரியைப் பார்த்து அதையே எழுதுவோம். அதற்கடுத்த மாதங்களில் நான் போனபோதெல்லாம் அவள் தங்கள் காட்டில் வேலையாக இருந்தாள். மாத்திரையை ராசு கையில் கொடுத்துவிட்டு, மேல் வரியைப் பார்த்து எழுதினேன். எனக்கு நானே ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். என்ன சொல்லிக்கொண்டேன் என்பது இப்போது நினைவில்லை.

ஆவணியில் ராசு நேராகத் திண்டுக்கல்லுக்கே வெள்ளையம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஆபீஸ் வாசலில் இருவரும் நின்றார்கள். அவள் இடது கண்ணை முந்தானையால் மூடியிருந்தாள். எடுக்கச் சொன்னேன். கண் முழுக்கச் சிவப்பு. கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு புண். புண்ணின் ஓரத்தில் சோளத்தின் உமி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இருந்ததோ, உணர்ச்சி செத்துப்போன கண்ணில் அவளுக்கு உறுத்தவே இல்லை.

"வலிக்கலையாம்மா?"

"வலி இல்லீங்க சார். பொகை மூட்டம் மாதிரி இருக்கு."

கண் ஆஸ்பத்திரிக்கு நானே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பார்வை திரும்ப வராது என்று அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளா இந்தக் கண்ணு மூடலை?"

"ஆறேழு மாசம் இருக்கும்ங்கய்யா" என்றார் ராசு.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல டாக்டர். அதனால்தான் வந்தது. "ஏன்யா, பொண்டாட்டி ஆறு மாசமாக் கண்ணைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறா, நீ வேடிக்கை பாத்திருக்க! அப்பவே சொல்லியிருந்தா மாத்திரையிலயே சரியாப் போயிருக்குமே. யார்ட்டயாவது ஒரு வார்த்தை சொன்னியா?"

அறையில் நர்ஸ் இருந்தார், வரிசையில் நாலைந்து நோயாளிகள் இருந்தார்கள், எல்லோரும் ராசுவைப் பார்த்தார்கள். ராசு என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லீங்கய்யா. யார்ட்டயும் சொல்லல."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'டாக்டர், அவர் என்னிடம் சொன்னார், நான் சிரித்துவிட்டு வந்தேன்' என்று சொல்ல ஏழெட்டு வார்த்தைதான் ஆகும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால்கூட ஒரு கௌரவம் இருக்கும். அந்த நாலைந்து பேர் முன்னால் தலைகுனிய வெட்கப்பட்டேன், அவ்வளவுதான். டாக்டர் மேற்கொண்டு இரண்டு நிமிடம் ராசுவைத் திட்டினார். நான் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புண் ஆறிய பிறகு, கண் மேலும் கெடாமல் இருக்க, வெளி ஓரத்தில் மேல் ரெப்பையையும் கீழ் ரெப்பையையும் பாதிவரை சேர்த்துத் தைத்தார்கள்.

அந்தோணி சாருக்கு அப்போது ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். வெள்ளையம்மாவின் பக்கத்தில் என் கையெழுத்தில் 'இமை: சரி' என்று ஆறு முறை இருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

"அடிக்காத. அப்படியே கெடக்கட்டும்."

பேனாவை மூடினேன்.

"மாசியில போனப்ப தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் சார்."

"எண்ணினியா?"

பதிவேட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அப்ப தாகத்துக்குக் குடிச்சிருக்க" என்றார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த எட்டு மாதமும் எனக்கு அந்த மௌனமான ஒரு மைலாகத்தான் இருந்தது.

வலது கண் மிச்சம் இருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று வாரம் தவறாமல் போனேன். அதிலும் இமைப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் இந்த முறை சரியான நேரத்தில் அந்த நரம்பு மாத்திரையை ஆரம்பித்தோம். தானாக நடப்பதை இனி நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும் என்று வெள்ளையம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆட்டைப் பார்த்தால் ஒரு தடவை, மரத்தைப் பார்த்தால் ஒரு தடவை, முறத்தைத் தூக்கினால் ஒரு தடவை. நான் காட்டிய பயிற்சித் தாளில் இமை என்று அச்சடித்திருந்தது. அதை வாசித்துச் சொன்னபோது அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'இமை போடுறது'.

"இன்னைக்கு எரநூறு இமை போட்டேன் சார். கணக்குச் சரியா இருக்கும், வேணும்னா அவரைக் கேளுங்க."

"ஆமா சார், எங்கிட்ட சண்டை போடும்போதும் போட்டுக்கிட்டே திட்டுறா" என்பார் ராசு.

அந்த ஊரில் இமை என்றால் இன்றைக்கும் அதுதான் அர்த்தம். பின்னால் அங்கே நோய் வந்த இன்னும் இரண்டு பேருக்கு வெள்ளையம்மாதான் இமை போடக் கற்றுக்கொடுத்தாள். அவளுடைய வலது கண் கடைசிவரை கெடவில்லை. அந்த ஒரு கண்ணால் ஊசியில் நூல் கோர்ப்பாள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டில் டம்ளரைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாசி மாதம்தான் நினைவுக்கு வரும். ராசுவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்துப் போய், ஒவ்வொரு மாதமும் திரும்பி வந்தேன். ராசுவும் அதைப் பற்றிப் பேசியதில்லை. காவக்காரி என்று அவர் அவளைக் கூப்பிடுவது மட்டும் அந்த ஆவணியோடு நின்றுபோயிருந்தது.

இந்த வருடம் பங்குனியில் வெள்ளையம்மா இறந்துபோனாள். நெஞ்சுவலி. ராசுவின் தம்பி மகன் போன் செய்தான். பஸ் பிடித்து, வெயில் ஏறும் முன்பே போய்விட்டேன். வீட்டு முன்னால் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ரோட்டில் நின்று பேசிய தம்பி குடும்பத்தோடு பந்தலுக்குள் இருந்தார்.

வலது கண் மூடியிருந்தது. இடது கண் தைத்த பாதி மூடியிருக்க, மூக்குப் பக்கத்துப் பாதி திறந்து வெள்ளையாகத் தெரிந்தது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி விரலால் ரெப்பையை இழுத்து இழுத்து மூடப் பார்த்தாள். நிற்கவில்லை. "கண்ணு மூடாமப் போகுதே, என்ன ஆசையை மனசுல வச்சிருந்தாளோ" என்று யாரோ அழுதார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராசு அந்தப் பெண்ணின் கையை விலக்கினார்.

"விடும்மா. அவ அப்படித்தான் தூங்குவா."

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. பந்தலுக்குப் பின்னால் போய் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். ராசு தனியாக இருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் சிரித்துச் சொன்னது நோயின் அறிகுறி, அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியது என் வேலை, நான் செய்யவில்லை, டாக்டர் உங்களைத் திட்டியபோதும் பேசாமல் நின்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ராசு கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "தெரியும் சார்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அந்த டாக்டரு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்டதான சொன்னோம்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

"அப்ப ஏன் ராசு சொல்லல?"

அவர் எழுந்து உள்ளே போனார். தண்ணீரோடு வந்தார். பழைய எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் ஒரு நெளிசல். எனக்குத் தெரிந்த டம்ளர்தான்.

"என் கூடப் பொறந்தவன் ரோட்டுல நின்ன காலம் சார் அது. எங்க டம்ளர்ல வாய் வச்சுக் குடிச்ச ஒரே ஆளு நீங்கதான். அண்ணாந்துகூடக் குடிக்கல. மொத நாளு நீங்க குடிச்சிட்டுப் போனதும் அவ ஒரு பாட்டம் அழுதா. இந்த டம்ளரை வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு தனியா வச்சுக்கிட்டா. அப்பேர்ப்பட்ட மனுசரைப் போயி எப்படி சார் காட்டிக்குடுக்குறது?"

டம்ளரை வாங்கினேன். வாய் வைத்து, மெதுவாக, தீரும்வரை குடித்தேன். ராசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் வாய் வைத்துக் குடித்தேன் என்பதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.